வந்து சேரும் வரைக்கும்

இந்தக் கதையில் குருவுக்கு நாற்பத்து மூன்று வயது, சீடருக்கு அறுபத்தொன்று. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யார் யார் என்ற குழப்பம் வேண்டாம்.

குருவின் பெயர் செங்கமலம். முனைக்குப்பத்தில் மீன் ஏலக்கூடத்துக்கு மாடியில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு வயர்லெஸ் பெட்டி, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு நோட்டு. கடலில் இருக்கும் படகுகளும் கரையும் பேசிக்கொள்வது அந்தப் பெட்டி வழியாகத்தான். பத்தொன்பது வருடமாக அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் செங்கமலம். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் ஃபெயில்.

சீடரின் பெயர் தட்சிணாமூர்த்தி. அவளுக்கு இங்கிலீஷ் நடத்திய வாத்தியார்.

கோயில் சுவரில் இருக்கும் தட்சிணாமூர்த்தியைப் பார்த்திருப்பீர்கள். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் குரு இளைஞர், காலடியில் இருக்கும் சீடர்கள் கிழவர்கள். குரு வாயே திறக்கமாட்டார். நம் வாத்தியார் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மரத்துக்குத் தவறான பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

வந்த காரணம் ஒரு கடைவாய்ப் பல். செங்கமலத்துக்கு அது ஐந்து மாதமாக வலித்தது. பிடுங்கிக்கொண்டு வரலாம் என்றால் பெட்டியை விட்டுப் போக முடியாது. மாற்றாள் ஒருவர் பழகிக்கொள்ள வேண்டும் என்று பஞ்சாயத்தில் பேச்சு வந்தது. வாத்தியார் கை தூக்கினார். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. நேற்றைய பேப்பரையே இன்றும் படித்துக்கொண்டிருந்தார்.

"அதுல பேசறது பாதி இங்கிலீஷ்தானே. நான் பாத்துக்கறேன்," என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாடி ஏறி வந்தார். சலவைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவருக்குப் பழக்கம் விடவில்லை. செங்கமலம் எழுந்து நின்றாள். அவளுக்கும் விடவில்லை.

"உக்காரும்மா. இனிமே நீதான் டீச்சர்."

"நீங்க உக்காருங்க சார்."

அவர் உட்கார்ந்த பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். பெட்டி கரகரத்தது.

"முனைக் கரை, முனைக் கரை. செல்லியம்மன் பேசுறேன். கேக்குதா? ஓவர்."

"கேக்குது. சொல்லுங்க. ஓவர்."

செல்லியம்மன் படகுக்காரர் நாலு விஷயம் சொன்னார். எப்போது கரைக்கு வருவார், எத்தனை பார் ஐஸ் எடுத்து வைக்க வேண்டும், எந்தப் பக்கம் காற்று, உடன் வந்தவருக்குக் காய்ச்சல். செங்கமலம் எழுதிக்கொண்டாள். பிறகு, "திருப்பிச் சொல்றேன்" என்று நாலையும் ஒன்று விடாமல் அவரிடமே சொன்னாள். "சரியா? ஓவர்" என்று கேட்டாள். மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து "சரி" என்று வந்தது.

"ரோஜர்," என்றாள்.

வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடச் செய்திக்கு மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

"எல்லாத்துக்கும் இப்படித்தானா?"

"ஆமா சார்."

"காய்ச்சல்னு ஒரு தரம் கேட்டா போதாதா?"

"போதாது சார்."

"இது யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"அப்பறம் சொல்றேன் சார்."

வாத்தியாருக்கு அது பெரிதாகப் படவில்லை. அவருக்கு வேறு ஒன்று நாக்கு நுனியில் நின்றது. "ரோஜர்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது சார். போட்டுக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ரோஜர்னு ஒரு கப்பல் தொரை இருந்தாராம். யாரு கூப்புட்டாலும் பதில் குடுப்பாராம். கப்பல் முழுகுனப்பவும் குடுத்தாராம். எங்க தம்பி சிங்காரம், இந்தப் பொட்டிய செஞ்ச கம்பெனிக்காரன் பேருங்குறான். இன்னொரு போட்டுக்காரன் கலியமூர்த்தி, அது வெள்ளக்கார சாமின்னு சொல்லிட்டு கன்னத்துல போட்டுக்குவான்."

வாத்தியார் சிரித்தார். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் யாராவது இப்படி ஒன்றைக் கேட்கமாட்டார்களா என்று ஏங்கியவர் அவர். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் தந்திதான், பேச்சு கிடையாது என்றார். செய்தி வந்து சேர்ந்தால், வந்தது என்று முழு வார்த்தையும் தட்ட நேரம் ஏது? ரிசீவ்ட் என்ற இங்கிலீஷ் வார்த்தையின் முதல் எழுத்தை மட்டும் தட்டுவார்கள். ஆர். பிறகு வயர்லெஸ்ஸில் பேசும் காலம் வந்தது. இரைச்சலில் எழுத்துகள் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். ஆர் என்ற எழுத்துக்கு அன்றைக்கு வைத்த பெயர் ரோஜர். யுத்த காலத்து விமானக்காரர்கள் சொல்லிச் சொல்லி அது உலகம் முழுக்கப் போனது. பிறகு எழுத்துகளின் பெயர்களை மாற்றினார்கள், ஆருக்கும் வேறு பெயர் வைத்தார்கள். ஆனால் ரோஜரை ஜனங்கள் விடவில்லை.

"அவ்வளவுதான். துரையும் இல்ல, கம்பெனியும் இல்ல, சாமியும் இல்ல. வந்து சேந்துதுன்னு அர்த்தம்."

"அப்ப அந்தப் பேருக்கு ஆளே கெடையாதா சார்?"

"ஆளே கிடையாது."

செங்கமலம் மைக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப யாரு சொல்றாங்களோ அவங்கதான் சார் ஆளு," என்றாள்.

அதை வாத்தியார் அன்றைக்குக் காதில் வாங்கிக்கொண்டாரா என்று எனக்குச் சந்தேகம்.

எட்டு நாள் அவள் மைக்கை அவரிடம் கொடுக்கவில்லை. கேட்கச் சொன்னாள், எழுதச் சொன்னாள். அவர் அழகாக எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். அவள் ஒரு படகிடம் மூன்று தடவை திருப்பிக் கேட்டபோது, அந்த மனுஷன் என்ன நினைப்பான் என்று அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஆறாம் நாள் பொறுக்காமல் கேட்டார்.

"ரோஜர எப்ப சொல்லணும்? ஒரு கணக்கு வேணும்ல?"

"வந்ததும் சொல்லணும் சார்."

"வந்துட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

"வராதது எதுன்னு மொதல்ல பாக்கணும்."

"இது என்ன பதில்?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் சார்," என்று அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பல் அன்றைக்கு ஏகமாக வலித்தது.

ஒன்பதாம் நாள் அவளால் வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை. ஐப்பசி பிறந்து ஒரு வாரம். வாடைக்காற்று தொடங்கும் நேரம். சாயங்காலம் காற்று ஏறும், படகுகள் மூன்று மணிக்குள் கரை சேர வேண்டும் என்று முன்னறிவிப்பு வந்திருந்தது. காலையில் கடல் குளம் மாதிரி இருந்தது. வேதாரண்யம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு பதினோரு மணிக்குள் வந்துவிடலாம் என்று அவள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். போகும்போது மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அவசரப்படாதீங்க சார்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

பத்து மணிவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. மூன்று படகுகள் பேசின. வாத்தியார் திருப்பிச் சொன்னார், சரியா என்று கேட்டார், ரோஜர் என்றார். நான்காவது படகுக்குத் திருப்பிச் சொல்லவில்லை. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, ஐஸ்தான். ஐந்தாவதுக்கும் சொல்லவில்லை. இதற்கு எதற்குப் பத்தொன்பது வருடப் பழக்கம் என்றுகூட அவர் நினைத்துக்கொண்டார்.

பத்து நாற்பதுக்கு முத்துமாரி கூப்பிட்டது. செங்கமலத்தின் தம்பி சிங்காரம் ஓட்டும் ஃபைபர் படகு. உள்ளே நாலு பேர்.

"முனைக் கரை, முத்துமாரி பேசுறேன். அக்கா, இஞ்சின் நின்னுட்டு. அடியில வெடிச்சு தண்ணி ஏறுது. பேட்டரி நனைஞ்சிட்டு, ரொம்ப நேரம் பேச முடியாது. எடம் எழுதிக்க. வடக்கு பத்து, இருவத்தெட்டு. கெழக்கு எம்பது..."

அதற்குமேல் இரைச்சல். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்த மாதிரி. அது அடங்கியபோது, வந்து சேர்ந்ததா என்று கேட்கும் கடைசி வார்த்தை மட்டும் வந்தது.

"...வந்துட்டா? ஓவர்."

வாத்தியார் பட்டனை அழுத்தினார்.

"ரோஜர்," என்றார்.

ஏன் சொன்னார் என்று அவரிடமே பிறகு கேட்டார்கள். தவிப்பில் இருக்கும் மனுஷனைத் திரும்பச் சொல்லு என்று எப்படிக் கேட்பது என்று நினைத்தாராம். அதுவும் உண்மைதான். ஆனால் முப்பத்து நான்கு வருடம் அவர் கேட்டார், பிள்ளைகள் "எஸ் சார்" என்றார்கள். எனக்கு வரவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்று அவர் யாரிடமும் சொல்லிப் பழகியதே இல்லை. வாய்க்கு அந்த வழி தெரியவில்லை.

"சார்தானா? நல்லது சார். பேட்டரிய மிச்சம் புடிக்கிறேன். அணைச்சிடுறேன். ஆள அனுப்புங்க."

பெட்டி அமைதியாகிவிட்டது.

அவர் கூப்பிட்டார். முத்துமாரி, முத்துமாரி என்று இருபது தடவை கூப்பிட்டார். அவர்களுக்கு இனிப் பேச வேண்டிய அவசியம் இல்லை. கரைக்கு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று கரையே சொல்லிவிட்டதே.

நோட்டில் அந்த வரி பாதியில் நின்றது. கிழக்கு எண்பது, அதற்கப்புறம் வெற்றிடம். அந்த இரைச்சலுக்குள் ஐந்து என்று கேட்டதோ? பதினைந்தோ? பேனாவை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். ஏதாவது ஒரு எண்ணை எழுதிவிட்டால் வரி முழுசாகிவிடும். யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்தது உண்மை, அவரே சொன்னார்.

அப்போது செங்கமலம் படியேறி வந்தாள். வலது கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு. ஊசி போட்டதில் தாடை மரத்துப்போய் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வந்தாள், காற்றுதான் வந்தது.

நோட்டைப் பார்த்தாள். முத்துமாரி என்ற பெயரைப் பார்த்தாள். பாதி வரியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ரோஜர்னு சொல்லிட்டேன்மா," என்றார் வாத்தியார்.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி நோட்டில் எழுதினாள்.

எது வந்துச்சு. அத மட்டும்.

"இஞ்சின் நின்னுட்டு. தண்ணி ஏறுது. வடக்கு பத்து, இருபத்தெட்டு. கிழக்கு எண்பது."

மீதி? என்று எழுதினாள்.

அவர் பாதி வரியின்மேல் விரலை வைத்தார்.

"வரல," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். மைக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள். நோட்டில் எழுதினாள்.

இதையே சொல்லுங்க.

"எல்லா போட்டுக்குமா?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

முத்துமாரியைத் தவிர, கடலில் அன்றைக்கு முனைக்குப்பத்துப் படகுகள் பதினொன்று இருந்தன. அதில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அடி வாங்கியவர்கள், பெஞ்சு மேல் நின்றவர்கள், எஸ் சார் சொன்னவர்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். வாத்தியார் செங்கமலத்தைப் பார்த்தார். அவளால் இப்போது பேச முடியாது. பேச முடிந்திருந்தாலும் மைக்கை அவரிடமே கொடுத்திருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவர் பட்டனை அழுத்தினார்.

"முனைக் கரை. எல்லா படகும் கேளுங்க. தட்சிணாமூர்த்தி வாத்தியார் பேசறேன். முத்துமாரியில தண்ணி ஏறுது. சிங்காரம் இடம் சொன்னான். எனக்குப் பாதிதான் வந்தது. வடக்கு பத்து இருபத்தெட்டு. கிழக்கு எண்பது. மீதி எனக்கு வரல. வராமலே நான் ரோஜர்னு சொல்லிட்டேன். அவன் அதை நம்பி செட்டை அணைச்சிட்டான். தப்பு என்னோடது. ஓவர்."

பெட்டியில் ஒன்றும் வரவில்லை. அந்த அமைதி அவருக்கு ஒரு வகுப்பு நேரம் மாதிரி நீண்டது. பிறகு ஒரு குரல் வந்தது.

"கலியமூர்த்தி பேசுறேன் சார். திருப்பிச் சொல்றேன். முத்துமாரியில தண்ணி. வடக்கு பத்து இருவத்தெட்டு. கெழக்கு எம்பது. மீதி வரல. சரியா சார்? ஓவர்."

"சரிப்பா."

"ரோஜர்."

இது பாதி வகுப்பை வெளியே நின்றே முடித்த கலியமூர்த்தி. அவனுக்கு அடுத்து செல்லியம்மன் திருப்பிச் சொன்னது. அடுத்து இன்னொரு படகு. பதினொரு படகும் சொன்னார்கள். யாரும் அவசரப்படவில்லை, யாரும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. மீதி வரல என்பதையும் யாரும் விட்டுவிடவில்லை. செங்கமலத்திடம் பழகியவர்கள் அவர்கள்.

பத்து இருபத்தெட்டு என்பது கடல்மேல் கிழக்கு மேற்காகப் போகும் ஒரு நேர்கோடு. தெருப் பெயர் தெரியும், வீட்டு எண் தெரியாது. செங்கமலம் நோட்டில் ஒரு நீளக் கோடு போட்டாள். அதைப் பதினொரு துண்டாக வெட்டி, எந்தப் படகு பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு ஒரு துண்டு என்று பெயர் எழுதினாள். அவர் படித்தார். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நீரோட்டம் தெற்கே இழுக்கும், அரை மைல் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதினாள். அதையும் படித்தார்.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. செங்கமலம் பஞ்சை மாற்றக்கூட எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டைகள் அசைய ஆரம்பித்தன. வாத்தியார் மனசுக்குள் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டார். ரோஜர் துரையையும் கூப்பிட்டிருப்பார், யார் கண்டது.

ஒன்றே முக்காலுக்குக் கலியமூர்த்தி கூப்பிட்டான். காற்றில் குரல் துண்டு துண்டாக வந்தது.

"சார், பாத்துட்டேன். போட்டு கவுந்து கெடக்கு. நாலு பேரும் அத புடிச்சிட்டு இருக்காங்க. நாலு பேரும் இருக்காங்க. ஓவர்."

செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டாள். வாத்தியாரின் கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அவர் பேச ஆரம்பித்தபோது குரல் அவருடையதாகவே இல்லை.

"திருப்பிச் சொல்றேன். படகு கவுந்து கெடக்கு. நாலு பேரும் இருக்காங்க. சரியா? ஓவர்."

"சரி சார். நாலு பேரும்."

"ரோஜர்," என்றார்.

மைக்கை வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். அறுபத்தொரு வயதுக்காரர் சத்தம் போட்டு அழுதால் எப்படி இருக்கும் என்று கீழே ஏலக்கூடத்தில் இருந்தவர்களுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் அவர் மாடிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலை அறைச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு முன்னாலேயே சிங்காரம் அங்கே உட்கார்ந்திருந்தான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. அவரைப் பார்த்ததும் எழுந்து, கையில் இருந்த பையை நீட்டினான். உள்ளே ஒரு நல்ல கொடுவா மீன்.

"ஒங்களுக்குத்தான் கொண்டாந்தேன் சார். வூட்டுக்குப் போனேன், இங்க கெளம்பிட்டீங்கன்னாங்க."

"எனக்கு எதுக்குப்பா? உன்னைக் கொல்லப் பாத்தவன் நான்."

"என்ன சார் இப்புடி பேசுறீங்க? எங்கள தேடி ஆளு அனுப்புனது யாரு?"

"நீ சொன்னது எனக்கு வரல. வந்ததா சொன்னேன்."

"வரலன்னும் நீங்கதான சார் சொன்னீங்க. கலியமூர்த்தி சொன்னான். அந்த சேதி வரலன்னா நாங்க இல்ல," என்று சிங்காரம் பையை அவர் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனான்.

வாத்தியார் மீனோடு நின்றார். செங்கமலத்தின் கன்னம் வற்றியிருந்தது. பேச்சு திரும்பியிருந்தது.

"உக்காருங்க சார்."

"இல்லம்மா. சாவி குடுக்க வந்தேன். எனக்கு இது ஆகாது."

அவள் சாவியை வாங்கவில்லை.

"ரெண்டு நாளா யோசிச்சேன்," என்றார் அவர். "ஒவ்வொரு பாடமும் முடிஞ்சதும் புரிஞ்சுதான்னு கேப்பேன். நாப்பது பேரும் எஸ் சார்னு சொல்வீங்க. நான் அடுத்த பாடத்துக்குப் போயிடுவேன். நீயும் சொல்லியிருக்க. உண்மையச் சொல்லு. அதுல ஏதாவது வந்துதா?"

செங்கமலம் யோசித்தாள். அவரிடம் அவளால் பொய் சொல்ல முடியாது.

"வரல சார்."

"நாப்பது பேருக்குமா?"

"எனக்குத் தெரிஞ்சு முப்பத்தெட்டு பேருக்கு வரல."

அவர் உட்கார்ந்துவிட்டார். மீன் பை மடியில் இருந்தது. "அப்ப முப்பத்து நாலு வருஷம் காத்துல பேசியிருக்கேன்."

செங்கமலம் பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"மொத நாளு ஒண்ணு கேட்டீங்க சார். இது யாரு சொல்லிக் குடுத்ததுன்னு."

"ஆமா."

"திருப்பிச் சொல்றேன், கேளுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டாவது படிக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு வெள்ள அடிக்கிறாங்கன்னு எங்கள கடற்கரைக்குக் கூட்டிட்டு வந்தீங்க. ஒவ்வொருத்தரா நிக்க வச்சு பாடத்தைப் படிக்கச் சொன்னீங்க. எனக்குக் குரலே வராது. பக்கத்துல இருக்கவங்களுக்கே கேக்காது. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க சிரிக்கல. நடந்து போனீங்க. கடைசியா கெடந்த கட்டுமரம் வரைக்கும் போயி, அங்க நின்னு திரும்பினீங்க. நல்ல காத்து. கையக் குவிச்சு வச்சுட்டு சொன்னீங்க. கத்தாதம்மா, எங்கிட்ட சொல்லு. வந்து சேர்ற வரைக்கும் நான் இங்கயே நிப்பேன்னு சொன்னீங்க."

வாத்தியார் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"நான் படிச்சேன். நீங்க கைய ஆட்டுனீங்க, வரலன்னு. மறுபடி படிச்சேன். வரல. பெல்லு அடிச்சுட்டு, எல்லாரும் சாப்புடப் போயிட்டாங்க. நீங்க போகல. வெயில்ல நிக்கிறீங்க. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, நான் படிச்ச ஒரு வரிய அங்கேருந்து நீங்க எங்கிட்டயே திருப்பிச் சொன்னீங்க. சரியாம்மான்னு கேட்டீங்க. சரி சார்னேன். அதுக்கப்பறம்தான் கையத் தூக்குனீங்க."

கீழே ஏலம் ஆரம்பித்திருந்தது. யாரோ விலை கூவினார்கள்.

"இந்தப் பொட்டி முன்னாடி ஒக்காந்த மொத நாளு எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். இங்கிலீஷு வராது. என்ன பண்றதுன்னு யோசிச்சப்ப அது ஒண்ணுதான் ஞாபகம் வந்துச்சு. பத்தொம்பது வருஷமா அதத்தான் பண்றேன். அன்னிக்கு சிங்காரத்தக் காப்பாத்துனதும் அதுதான். பதினோரு போட்டும் உங்கள்ட்ட திருப்பிச் சொன்னாங்களே, அது நீங்க சொல்லிக் குடுத்தது."

அவள் நிறுத்தினாள்.

"நான் சொன்னது சரியா சார்?"

அவருக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. வெள்ளையடித்தது இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, வெயில் கூட இருக்கிறது. அங்கே நின்ற அந்த ஆளைத்தான் காணவில்லை. தேடித் தேடிப் பார்த்தார். ஆனால் அவள் சொன்னது முழுசாக வந்து சேர்ந்திருந்தது. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவள் அவசரப்படுத்தவில்லை. கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பெட்டி மெல்லக் கரகரத்துக்கொண்டே இருந்தது.

வெகுநேரம் கழித்து, "சரிம்மா," என்றார்.

"ரோஜர் சார்," என்றாள் செங்கமலம்.